தேறலும் தேநீரும்

வெசாக் பூரணையை ஒட்டி இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. எலுவன்குளத்திலே வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கையைப் பார்த்து நெடுநாளாயிற்று. மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

புத்தளத்திலிருந்து மன்னாரை நோக்கி வடக்கே செல்லும் பழைய பாதையிலே, கலா ஓயா கடலேரியோடு கலக்குமிடத்துக்கு அணித்தாக உள்ளது அவ்வூர். ஊருக்கு அப்பால் ஆறு. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. அந்தக் காட்டினுள்ளேதான் பொன்பரப்பி என்னும் பொம்பரிப்பு இருக்கிறது. 1970ஆம் ஆண்டில் அங்கே நிகழ்ந்த அகழாய்விலே, முன்னோரின் எலும்புகளைத் தாங்கிய ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. தமிழாசிரியன் ஒருவன் அந்தப் பக்கம் போனால், புறநானூறு கூறும் தாழியை நினையாமல் திரும்புதல் அரிது. இம்முறை நானும் ஒரு மட்கலத்தை நினைத்தேன். அது தாழியன்று, சாடி. ஈமத்துக்குரியதன்று; கள்ளுக்குரியது. நினைக்கும்படி செய்தவன் என் மருமகன்.

தங்கையின் ஒரே மகன் அவன். கற்பிட்டியிலே உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறான். மேசை துடைப்பதில் தொடங்கியவன், இப்பொழுது மதுபானப் பகுதியிலே உதவியாளனாக உயர்ந்திருக்கிறான். வெசாக் நாளிலே மது விற்பனை தடுக்கப்பட்டிருப்பதால் அந்தப் பகுதிக்குப் பூட்டு, அவனுக்கு விடுமுறை. "வருகிற கிழமை எனக்குச் சோதனை, மாமா" என்றான்.

சோதனை என்ற சொல்லைக் கேட்டால் ஆசிரியனுடைய காது நிமிர்வது இயல்பு. "என்ன பாடம்?" என்று கேட்டேன். அவன் அடுக்களை மேசையைக் காட்டினான்.

அடுக்களையில் ஒரு சோதனை

மேசையிலே தடித்த அடியுள்ள கண்ணாடிக் குவளை ஒன்று, சீனிக்கட்டி சில, ஒரு தோடம்பழம், பெரிய பனிக்கட்டிகள், அளவுக் கிண்ணம், சிறிய மர உலக்கை. மேனாட்டார் விரும்பும் 'ஓல்ட் பாஷன்ட்' என்ற விஸ்கிக் கலவையை அவன் பழகிக்கொண்டிருந்தான். 'பழைய முறை' என்பது அப்பெயரின் பொருள். அவனுடைய மேலாளர் முன்னிலையிலே அதைப் பிழையின்றிச் செய்து காட்டினால் வேலை நிலைக்கும், சம்பளமும் உயரும்.

ஆனால் மேசையில் விஸ்கியைக் காணவில்லை. அவ்வீட்டினுள்ளே மதுப்போத்தல் வரக்கூடாது என்பது என் தங்கையின் கட்டளை. அதனை மகன் ஒருநாளும் மீறியவனல்லன். விஸ்கிக்குப் பதிலாக அவன் வைத்திருந்தது பிளேன்ரீ என்று நம்மவர் சொல்லும் வெறுந்தேநீர். நிறத்தில் இரண்டும் உடன்பிறந்தவை. அக்கலவையிலே சேரும் கசப்புச்சாறும் சாராயத்திலே வடித்ததேயாதலால், அதற்குப் பதிலாக ஒரு சிறு குப்பியில் நிலவேம்புக் கஷாயம். தங்கை தானே காய்ச்சிக் கொடுத்தது! மருந்தென்று நினைத்தாள் போலும்.

அவன் செய்முறையைச் சொல்லிச் சொல்லிச் செய்தான். குவளையில் ஒரு சீனிக்கட்டி. அதன்மேல் இரண்டு மூன்று துளி கசப்புச்சாறு. ஒரு தேக்கரண்டி நீர். உலக்கையால் மெல்ல நசுக்கிக் கரைத்தல். மதுவிலே சீனி எளிதிற் கரையாது. அதனால் நீர் முந்தவேண்டும். பின்பு பெரிய பனிக்கட்டி; சிறியதாயின் விரைந்து உருகிச் சுவையைக் கெடுக்கும். அதன்மேல் விஸ்கி 45 மில்லிலீற்றர். கரண்டியால் அமைதியாகச் சுழற்றுதல். பழச்சாறு சேரும் கலவைகளைத்தான் குலுக்குவார்கள், தெளிந்திருக்கவேண்டியதைக் குலுக்கலாகாது. முடிவிலே தோடம்பழத் தோலைச் சிறிது சீவி, குவளைக்கு நேரே முறுக்கினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் திவலைகள் மேலே படிந்து மணக்கும்.

யாப்பிலக்கணம் படித்தவன் இதிலே வியப்பதற்கு இடமுண்டு. நான்கே உறுப்பு, ஒன்று மிகினும் குறையினும் ஓசை கெடும்.

வரலாற்றையும் அவன் கற்றிருந்தான். 1806ஆம் ஆண்டு மே மாதத்திலே, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றிலே, 'கொக்டெயில்' என்றால் என்ன என்று வாசகர் ஒருவர் வினவினாராம். ஏதேனும் ஒரு வடிமது, சீனி, நீர், கசப்பு ஆகிய நான்கும் சேர்ந்தது என ஆசிரியர் விடையிறுத்தாராம். பிற்காலத்தார் அதிலே பலவற்றையும் கொட்டிக் கலந்தபோது, 'எனக்குப் பழைய முறைப்படி தா' என்று சிலர் கேட்கத் தொடங்கினர். பெயர் அப்படி வந்தது. அங்கோஸ்தூரா என்ற கசப்புச்சாற்றைச் சீகேர்ட் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1824இல் வெனிசுவேலாவிலே வயிற்று நோய்க்கு மருந்தாகச் செய்தார். இப்பொழுது அது திரினிடாட்டிலே செய்யப்படுகிறது. ஆகவே என் தங்கையின் நிலவேம்பு முற்றும் பொருந்தாத மாற்றன்று.

"விஸ்கி என்ற சொல்லுக்குப் பொருள் தெரியுமா?" என்று நான் கேட்டேன். அது அவனுடைய பாடத்தில் இல்லை. கேலிக் மொழியிலே 'உயிர்நீர்' எனப் பொருள்படும் தொடர் தேய்ந்து அச்சொல் ஆயிற்று என்றேன். அப்பொழுது அடுப்பருகே நின்ற தங்கை சட்டென்று திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

முளையும் சாடியும்

"மாமா, எங்களுடைய பழைய ஆட்கள் இப்படி வீட்டிலே ஏதும் செய்தவையோ?"

பண்டிதனிடம் கேட்கத்தகாத கேள்வி இது. கேட்டால் விடுவானா? பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டேன். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலிலே, வீட்டில் மது சமைக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சவேண்டும். வாயகன்ற கலத்திலே ஊற்றி ஆறவிடவேண்டும். முளையை இடித்துச் செய்த அடையை அதிலே கலக்கவேண்டும். அந்த அடைக்குப் புலவர் கூறும் உவமை கறையான் புற்றின் உள்ளேயிருக்கும் குரும்பி. கண்டவரே சொல்லக்கூடிய உவமை. பின்பு திண்ணிய வாயையுடைய சாடியிலே இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துப் பக்குவம் வந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கவேண்டும்.

மருமகன் கண் விரிந்தது. "முளையோ? விஸ்கிக்கும் வாற்கோதுமையை முளைக்கவைத்துத்தானே இடிக்கிறார்கள்!" என்றான்.

உண்மைதான். தானியத்தில் உள்ள மாப்பொருள் தானே மதுவாகாது. முளைக்கும்போது வித்தினுள் உண்டாகும் நொதிகள் மாப்பொருளைச் சீனியாக மாற்றுகின்றன. அந்தச் சீனியை மதுவம் என்னும் நுண்ணுயிர் மதுவாக்குகிறது. ஸ்கொட்லாந்து நாட்டு உழவனும் தொண்டை நாட்டு இல்லக்கிழத்தியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இயற்கையைக் கைக்கொண்டனர். வேற்றுமை அதற்குப் பின்புதான். விஸ்கி, புளித்த நீரைக் காய்ச்சி ஆவியாக்கிக் குளிரவைத்து வடித்தெடுப்பது. சங்கப் பாட்டுக்களில் வரும் கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல் என்பவை புளிக்கவைத்தவையும் விளையவைத்தவையுமே, வடித்தவையல்ல. தேனிற் செய்த தேறலை நெடிய மூங்கிற் குழாயிலே விளையவைத்த செய்தி திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் வரும். விஸ்கியை ஓக்கு மரப்பீப்பாயிலே ஆண்டுக்கணக்காக வைத்திருப்பதை அது நினைப்பூட்டும். யவனர் நல்ல கலங்களிலே கொண்டுவந்த மதுவை நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குப் பாடிய பாட்டிலே காண்கிறோம். மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

நான் இவ்வாறு மழையெனப் பொழிந்துகொண்டிருந்தேன். மருமகன் குவளையைக் கீழே வைத்தான்.

"அப்பா குடிக்கும்போது ஔவையார் பாட்டு ஒன்று சொல்லுவார். உண்மையோ மாமா? ஔவையார் குடித்தவரோ?"

பழச்சாறு என்ற உரை

முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே என்னிடம் கேட்கப்படும் கேள்வி அது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றில் 235ஆவது. அதைப் பாடஞ்சொல்லும் ஒவ்வோராண்டிலும் மாணாக்கர் நகைப்பர். ஒருவன் எழுந்து கேட்பான். நான் சொல்லும் விடையும் ஆண்டுதோறும் ஒன்றே. கீழைத்தேயக் கல்லூரியிலே என் ஆசிரியர் எனக்குச் சொன்ன விடை. அவருக்கு அவருடைய ஆசிரியர் சொல்லியிருப்பார். அவர்கள் மதுவிலக்கு இயக்கத்தின் வழிவந்தவர்கள். இலங்கையிலே 1904இலும் 1912இலும் மக்கள் மதுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டனர். தமிழகத்திலே 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அத்தகைய காலத்தின் நன்னோக்கம் உரையிலும் படிந்தது. நானும் நாக்குப் பழக்கத்தால் அதையே சொன்னேன்:

"தம்பி, அந்தக் காலத்துக் கள் இந்தக் காலத்துச் சாராயமன்று. பழச்சாறு போன்ற ஒரு பானம்."

அவன் என்னை நேரே பார்த்தான். "இப்பதானே மாமா சொன்னீங்கள், முளையை இடிச்சுக் கலந்து இரண்டு நாள் வைச்சால் மதுவாகும் எண்டு?"

எனக்கு மறுமொழி வரவில்லை. தங்கைக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"அண்ணை, அவரும் என்னட்டை அப்பிடித்தான் சொன்னவர். இது சாராயமில்லை, மருந்து எண்டு. நீங்கள் பழச்சாறு எண்டுறீங்கள். ரெண்டு பேரும் பேரை மாத்தினீங்களே ஒழிய, போத்தலை மாத்தேல்லை."

என் மைத்துனர் இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, நாற்பத்தாறாவது வயதிலே போனார். தமிழ்ப்பற்று மிக்கவர். மாலையிலே குசினிக்குப் பின்னால் தென்னையடியில் தனியே அமர்ந்து குடிப்பார். ஔவையைத் துணைக்கு அழைப்பார். நான் வரும்போதெல்லாம் இலக்கியத்தால் அவரோடு வழக்காடுவேன். அவர் ஔவையைக் காட்டுவார். நான் பழச்சாற்றைக் காட்டுவேன். அவர் சிரிப்பார். என் விடை பொய்யென்பது அவருக்குத் தெரியும். பொய்யைக்கொண்டு தடுக்கவந்தவனுடைய சொல் அவரிடத்திலே எப்படி ஏறும்? நான் மெய்யைச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வாயிலிருந்து மெய்யை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அது என் குறை.

மெய்யான உரை எது?

அன்றிரவு முற்றத்துச் சாய்மனைக் கதிரையிலே கிடந்தபடி சிந்தித்தேன்.

சங்க காலத்துக் கள் வெறியூட்டும் கள்ளே. பாட்டுக்கள் அதை மறைக்கவில்லை, மறைத்தவர்கள் நாம். ஆயினும் அதற்கும் இக்காலத்து வடிமதுவுக்கும் உள்ள வேறுபாடு மெய்யானது. புளித்தலினால் உண்டாகும் மது ஓரளவுக்குமேல் மிகாது. மிகுந்தால் அதை உண்டாக்கும் மதுவமே தொழிற்படாது ஒடுங்கிவிடும். தென்னங்கள்ளிலே அது நூற்றுக்கு ஐந்தாறு பங்கு அளவிலே நிற்கும். விஸ்கியிலோ நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாது. 'அரக்கு' என ஆங்கிலேயர் வழங்கும் நம்மூர்ச் சாராயத்தின் பெயர் வியர்வை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. துளித்துளியாய் வடியும் அந்த வியர்வை, கள்ளின் வலிமையைப் பன்மடங்காக்குகிறது. ஔவையை மேற்கோள் காட்டிக்கொண்டு சாராயம் குடிப்பவன், வேறொரு பொருளுக்கு வேறொருவருடைய சான்றிதழைக் காட்டுகிறான். இதை நான் மாணாக்கருக்குச் சொல்லியிருக்கலாம். பழச்சாறு தேவையில்லை.

இரண்டாவது, அந்தப் பாட்டின் பொருள் கள்ளன்று. சிறிதளவு கிடைத்தால் அதியமான் அதை எமக்கே தந்துவிடுவான்; பெரிதளவு கிடைத்தால் யாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்கிறார் ஔவையார். சோற்றிலும் அப்படியே, அம்பும் வேலும் வரும் இடத்திலோ தான் முன்னே நிற்பான். பகிர்ந்துண்டவன் போய்விட்டான் என்பதே அழுகை. என் மைத்துனர் தனியே குடித்தார். சிறிதாயினும் பெரிதாயினும் அவருக்கே. அவருடைய பந்தியிலே பாணனும் இல்லை, புலவனும் இல்லை. அந்தப் பாட்டு அவருக்குச் சான்றாக வரவில்லை, எதிராகவே வந்தது. அதனை எடுத்துக்காட்ட எனக்கு அன்று அறிவு வரவில்லை.

மூன்றாவது, வள்ளுவர். கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தை நாம் பத்துக் குறளாகப் பரீட்சைக்கு ஒப்புவிக்கிறோம். அதன் மூன்றாங் குறள், பெற்ற தாயின் முன்னிலையிலேகூட மயங்கிக் களித்தல் துன்பமாகும் என்று தொடங்கிச் சான்றோரை நோக்குகிறது. எதையும் பொறுக்கும் தாயே பொறாதது அது என்பது கருத்து. மனைவியைப் பற்றி அக்குறள் பேசவில்லை. அந்த இடத்தை என் தங்கையைப் போன்றவர்கள் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். சங்கப் புலவர் கள்ளைப் பாடினர், வள்ளுவர் கடிந்தார். இருவரும் கண்டதைச் சொன்னவர்கள். ஒருவரைக் காக்க மற்றவரைத் திரித்தல் உரைகாரன் தொழிலன்று.

மூன்று நீர்

மறுநாட் காலையிலே மருமகன் கற்பிட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த நுங்குக் குலையைக் கண்டதும் வேறொரு பாட்டு நினைவுக்கு வந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது, புறநானூற்றில் 24ஆவது. அதிலே கடற்கரை மகளிர் மூன்று நீரைக் கலந்து பருகுகின்றனர்: பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, மணல்மேட்டுத் தாழையின் இனிய நீர். இங்கே தாழை என்றது மடல்விரியும் தாழையையன்று, தெங்கை. இம்மூன்று நீரையும் உண்டு அவர்கள் கடலிலே பாய்ந்து ஆடுகிறார்கள். கடலுக்கும் முந்நீர் என்று பெயருண்டு. அச்சொல்லை வைத்துப் புலவர் ஆடும் ஆட்டம் அந்த மகளிர் ஆட்டத்துக்குக் குறைந்ததன்று. அதே பாட்டிலே பரதவர் வெம்மையான மட்டை உண்டு குரவையாடுகின்றனர். மதுவும் இருக்கிறது, மதுவல்லாததும் இருக்கிறது. நான் தேடித்திரிந்த பழச்சாறு பொய்யுரையில்லாமலே அங்கே கிடந்தது!

"இதையும் ஒருக்கால் கலந்து பார்" என்றேன். பட்டினத்திலிருந்து கரும்பு வந்தது. முற்றத்துச் செவ்விளநீர் இரண்டு இறங்கின. நுங்கின் கண்ணைக் குத்தி நீரெடுப்பது பொறுமைக்குரிய வேலை. ஒரு காயில் மூன்று கண், ஒவ்வொன்றிலும் சில துளி. அவன் அளவுக் கிண்ணத்தை எடுத்தான். இளநீர் இரண்டு பங்கு, கரும்புச்சாறு ஒரு பங்கு, நுங்குநீர் கிடைத்த அளவு. இளநுங்கைச் சிறிதாக அரிந்து மிதக்கவிட்டான். முதற் குவளையைத் தாயிடம் நீட்டினான்.

தங்கை ஒரு மிடறு பருகினாள். "கரும்பு கூடிப்போச்சு. தேசிக்காய் விடு" என்றாள்.

"பாட்டிலே தேசிக்காய் இல்லையே!" என்றேன்.

"பாடினவர் குடிச்சுப் பாத்திருக்கமாட்டார்" என்றாள்.

அவன் புளி பிழிந்தான். சுவை நேராயிற்று. இனிப்புக்குப் புளிப்பு எதிர்நிற்கவேண்டும் என்பது அவனுடைய தொழிலிலும் விதியாம். 'பஞ்ச்' என்ற கலவைக்கு அப்பெயர் வந்ததே வடமொழிப் பஞ்சம், அதாவது ஐந்து என்னும் சொல்லால் என்பது பலர் கொள்கை: சாராயம், சீனி, தேசிப்புளி, நீர், வாசனைப் பொருள். இந்தியத் துறைமுகங்களிலே ஆங்கிலேயர் கற்றுக்கொண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்ற கலை அது. நாம் கொடுத்ததை நாமே மறந்து, திரும்பி வருகையில் சோதனை எழுதி வாங்குகிறோம்.

குவளையைக் கழுவும்போது தங்கை மகனைக் கேட்டாள்: "ஒருத்தன் அளவுக்கு மிஞ்சிக் கேட்டால் என்ன செய்வாய்?"

"காணும் எண்டு சொல்லி, தண்ணி குடுப்பன் அம்மா. எங்களுக்கு அப்பிடிச் சொல்லக் கட்டளை இருக்கு."

"அப்பாவுக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை" என்றாள். பிறகு நிலவேம்புக் குப்பியை நன்றாக மூடி அவனுடைய பையிலே வைத்தாள். விடுதியிலே அதற்குத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனும் எடுத்துக்கொண்டான்.

தவணை நடுவிலே 235ஆம் பாட்டுக்கு வந்தேன். வழக்கம்போல் நகைப்பு எழுந்தது. வழக்கம்போல் ஒருவன் எழுந்தான். "கள் என்றால் கள்ளேதான். வெறியூட்டும். ஔவையார் உண்டார்" என்றேன். வகுப்பு அடங்கிப்போயிற்று. பின்பு மேலே எழுதிய மூன்றையும் சொன்னேன். மாணாக்கர் எழுதிக்கொண்டனர். கடைசி வாங்கிலிருந்த ஒருவன் மட்டும் எழுதாமல் தலைகவிழ்ந்திருந்தான். அவனுடைய வீட்டுநிலை எனக்குத் தெரியாது. பாடம் முடிந்ததும் அவனை அழைத்துப் பேசவேண்டும் என்று எண்ணினேன். மணி அடித்தது, அவன் முதல் ஆளாய் வெளியேறிவிட்டான். நாளைக்கு மறுபடியும் தமிழ்ப்பாடம் இருக்கிறது.